விதை போடும் கருவி வழி தவறுகிறதா? முதலில் சப்ளையைப் பாருங்கள்

பட்டறைப் பக்கம் – வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘‘தக்காளி, மிளகாய் நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து விற்கிறோம். பொறியியல் படித்த என் மகன், தட்டில் விதை போடும் கருவி ஒன்றை வீட்டிலேயே செய்திருக்கிறான். தட்டை நகர்த்த ஒரு ஸ்டெப்பர் மோட்டார், ஊசிச் சட்டத்தை ஏற்றி இறக்க இன்னொன்று. மெதுவாக ஓட்டினால் 98 குழியிலும் விதை சரியாக விழுகிறது. வேகத்தைக் கூட்டினால் பாதித் தட்டுக்கு மேல் விதை குழியின் விளிம்பில் போய் விழுகிறது. மோட்டாருக்கு வந்த தாளில் 2.5 வோல்ட் என்று இருக்கிறது. நாங்கள் 12 வோல்ட் கொடுத்திருக்கிறோம். ‘அதுவே ஐந்து மடங்கு, இன்னும் கூட்டினால் எரிந்துவிடும்’ என்கிறார் எலக்ட்ரீஷியன். எந்த சப்ளை வாங்குவது?’’

– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: மோட்டார் எரியாது. 12 வோல்ட் அதிகமும் இல்லை. இவர்கள் ஓட்ட நினைக்கும் வேகத்துக்கு அது குறைவு. மெதுவாக ஓடும்போது சரியாகவும், வேகம் கூட்டினால் தப்பாகவும் போகிறது என்ற ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

இதை உடனே சரிசெய்ய வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. டிரைவர் ‘ஓர் அடி வை’ என்று சொன்னால் ஓர் அடி வைக்கும். சுமை தாங்காமல் அடி தவறினால், தவறியது மோட்டாருக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது, மகன் எழுதிய புரோகிராமுக்கும் தெரியாது. எல்லாம் சரியாக நடந்ததாக நினைத்து அடுத்த வரிசைக்குப் போய்விடும். இந்த வகை மோட்டார் அடி தவறும்போது பெரும்பாலும் நான்கு நான்காகத்தான் தவறும். ஒரு சுற்றுக்கு 200 அடி. 20 பல் உள்ள, 2 மில்லிமீட்டர் இடைவெளிப் பல்சக்கரம் போட்டிருந்தால் ஒரு சுற்றில் பெல்ட் 40 மில்லிமீட்டர் நகரும். அப்படியானால் ஒரு தவறலுக்கு 0.8 மில்லிமீட்டர். அது சேர்ந்துகொண்டே போகும். 98 குழித் தட்டில் 14 வரிசை. வரிசைக்கு ஒரு தவறல் என்றாலும் கடைசி வரிசைக்கு வரும்போது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். பாதித் தட்டுக்கு மேல் விதை விளிம்பில் விழுகிறது என்று இவர் எழுதியிருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார். பார்க்காமல் விட்டிருந்தால், மேலே தென்னைநார்க் கழிவைத் தூவி மூடி, தட்டுகளை அடுக்கி வைத்து, முளைப்பு வரும் நாளில்தான் காலிக் குழிகள் தெரிந்திருக்கும். 10 கிராம் வீரியத் தக்காளி விதையில் ஏறத்தாழ 3,000 விதை இருக்கும். அது என்ன விலைக்கு விற்கிறது என்பது நாற்றுப்பண்ணைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விதை நஷ்டத்தைக்கூட ஈடுகட்டிவிடலாம். 25 நாளில் நாற்று தருகிறோம் என்று முன்பணம் வாங்கிவிட்டு, உழுது சொட்டுநீர்க் குழாய் விரித்துக் காத்திருக்கும் விவசாயியிடம் ‘இன்னும் பத்து நாள் ஆகும்’ என்று சொல்வதுதான் சங்கடம்.

2.5 வோல்ட் என்றால் என்ன அர்த்தம்?

எலக்ட்ரீஷியன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல்பில் 230 வோல்ட் என்று எழுதியிருந்தால் 230 வோல்ட் கொடுக்கிறோம். பம்ப்செட்டில் 415 என்று எழுதியிருந்தால் 415 கொடுக்கிறோம். ஸ்டெப்பர் மோட்டாரில் எழுதியிருக்கும் வோல்ட் அந்த வகை இல்லை. இந்த மோட்டாரின் கம்பிச் சுற்றுக்கு 0.9 ஓம் தடை. அதில் 2.8 ஆம்பியர் நிற்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 2.5 வோல்ட் வருகிறது. மோட்டார் அசையாமல் நிற்கும்போது அந்த கரன்ட்டைத் தாங்கிப் பிடிக்க அவ்வளவு போதும் என்பதுதான் அதன் பொருள். சப்ளையைத் தேர்ந்தெடுக்க இந்த எண் உதவாது. கவனிக்க வேண்டியது ஆம்பியரைத்தான்.

கரன்ட்டை மட்டுப்படுத்துவது டிரைவரின் வேலை. சொட்டுநீர் போட்டவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பர் என்று ஒரு வகை உண்டு. மணிக்கு 4 லிட்டர் என்றால், குழாயில் அழுத்தம் 1 கிலோ இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும் அது 4 லிட்டர்தான் விடும். இன்றைய ஸ்டெப்பர் டிரைவரும் அப்படித்தான். 2.8 ஆம்பியர் என்று சுவிட்சில் வைத்துவிட்டால், உள்ளே 12 வோல்ட் வந்தாலும் 36 வோல்ட் வந்தாலும் மோட்டாருக்கு 2.8 ஆம்பியருக்கு மேல் விடாது. ஒரு நொடிக்குள் பல ஆயிரம் முறை திறந்து மூடி அந்த அளவைக் காக்கும்.

அப்படியானால் வோல்ட்டைக் கூட்டுவதால் என்ன லாபம்? அதற்கும் சொட்டுநீரிலேயே பதில் இருக்கிறது. வால்வைத் திறந்தவுடன் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போய்விடுவதில்லை. முதலில் குழாய் நிறைய வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்து, சீக்கிரமே வால்வையும் மூடிவிட்டால் கடைசிச் செடி காய்ந்துதான் கிடக்கும். மோட்டாரின் கம்பிச் சுற்றும் இப்படித்தான். கரன்ட் அதற்குள் உடனே ஏறாது. ஏறவிடாமல் தடுக்கும் அந்தக் குணத்துக்கு இண்டக்டன்ஸ் என்று பெயர். மில்லி ஹென்றி என்ற அளவில் மோட்டாரோடு வரும் தாளில் அது எழுதியிருக்கும். அதைத் தாண்டி கரன்ட்டை ஏற்றுவது வோல்ட்தான்.

இந்த வகை மோட்டாரில் பரவலாக உள்ள 2.5 மில்லி ஹென்றியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.5-ஐ 2.8 ஆம்பியரால் பெருக்கி, வோல்ட்டால் வகுத்தால், கரன்ட் ஏறப் பிடிக்கும் நேரம் மில்லி நொடியில் வரும். 12 வோல்ட் கொடுத்தால் 0.58 மில்லி நொடி. 24 கொடுத்தால் 0.29. 36 கொடுத்தால் 0.19. இனி மோட்டாருக்குக் கிடைக்கும் நேரத்தைப் பார்ப்போம். ஒரு வரிசையில் இருந்து அடுத்த வரிசைக்குத் தட்டு ஏறத்தாழ 3.7 சென்டிமீட்டர் நகர வேண்டும். அதை 0.3 நொடியில் முடிக்க வேண்டுமென்றால் நடுவில் பெல்ட் நொடிக்கு 25 சென்டிமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். அது நிமிடத்துக்கு 375 சுற்று, அதாவது நொடிக்கு 1,250 அடி. ஓர் அடிக்குக் கிடைப்பது 0.8 மில்லி நொடி.

12 வோல்ட்டில் அந்த 0.8-ல் 0.58 கரன்ட் ஏறுவதற்கே போய்விடுகிறது. உண்மையில் நிலைமை இதைவிட மோசம். சுற்றும் மோட்டார் தானே எதிர் வோல்ட்டை உண்டாக்கும். அதைக் கழித்தது போக மிச்சம்தான் வேலைக்கு. முழு கரன்ட் ஏறுவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. இழுவை குறைகிறது. ஈரத் தட்டின் கனத்தை இழுக்க முடியாமல் அடி தவறுகிறது. மெதுவாக ஓட்டும்போது போதிய நேரம் கிடைப்பதால் 12 வோல்ட்டிலேயே எல்லாம் சரியாக நடக்கிறது.

வாங்கும் முன் இரண்டு சோதனை

இவ்வளவு சொன்ன பிறகும், பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். ஒரு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, டிரைவரின் பிளஸ், மைனஸ் திருகுகளில் தொட்டபடியே கருவியை வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். 12 என்பது 10, 9 என்று இறங்கினால் சப்ளைக்கே திராணி இல்லை, அல்லது ஒயர் மெலிந்தது, அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. 12-லேயே அசையாமல் நின்றும் அடி தவறினால் வோல்ட் போதவில்லை.

இரண்டாவது சோதனை புரோகிராமில். நின்ற இடத்தில் இருந்து ஒரே தாவலில் முழு வேகத்துக்குப் போகச் சொன்னால் எந்த சப்ளை போட்டாலும் ஸ்டெப்பர் மோட்டார் தடுமாறும். பாரம் ஏற்றிய வண்டியை மூன்றாம் கியரில் எடுப்பது போலத்தான். வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, நிற்கும் முன் படிப்படியாக இறக்க வேண்டும். மகன் இதைச் செய்திருக்கிறாரா என்று பார்க்கட்டும். செய்யாமல் விட்டிருந்தால் முதலில் அதைத் திருத்துவது நல்லது. அதற்குச் செலவு கிடையாது. டிரைவரில் உள்ள சின்ன சுவிட்சுகள் 2.8 ஆம்பியருக்குத்தான் வைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். 1.5-ல் வைத்துவிட்டு சப்ளையைக் குறை சொல்பவர்கள் உண்டு.

எத்தனை வோல்ட்?

மேல் எல்லையை முடிவு செய்வது பெரும்பாலும் டிரைவர்தான். பலரும் வாங்கும் டி.பி.6600 வகை டிரைவரில் 9 முதல் 42 வோல்ட் வரை என்றுதான் பொதுவாக எழுதியிருக்கும். சற்று விலை கூடிய டி.எம்.542 வகையில் 20 முதல் 50 வரை. இந்த எண்ணைத் தொட்டு நிற்கக் கூடாது. ஓடும் பாரம் சட்டென்று நிற்கும்போது மோட்டார் கொஞ்ச நேரம் டைனமோ ஆகிவிடும். அந்த மின்சாரம் டிரைவர் வழியாகத் திரும்பி வந்து சப்ளையின் வோல்ட்டை ஏற்றும். 42 எழுதிய டிரைவருக்கு 40 வோல்ட் கொடுத்திருந்தால், நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எல்லையைத் தாண்டும் அபாயம் இருக்கிறது. ஒரு நாள் புகை வரும்.

மோட்டாரின் பக்கமும் ஓர் எல்லை உண்டு. பட்டறைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு இது: மில்லி ஹென்றி எண்ணின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அதிகபட்ச வோல்ட். 2.5-ன் வர்க்கமூலம் 1.58. பெருக்கினால் 50. அதற்கு மேல் போனால் இழுவை கூடுவதைவிட மோட்டாரின் சூடுதான் கூடும். 50 என்பது உச்சவரம்பு. அதை எட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஆகவே இவருக்கு: கையில் இருப்பது டி.பி.6600 என்றால் 24 வோல்ட். தவறல் நின்றுபோக அதுவே போதுமானதாக இருக்க வாய்ப்பு அதிகம். அடிக்குக் கிடைக்கும் 0.8 மில்லி நொடியில் 0.29 போக மிச்சம் பாதிக்கு மேல் இருக்கிறது. அதிலும் போதாது, தட்டுக்கு ஆகும் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்றால், டிரைவர்களை டி.எம்.542 வகைக்கு மாற்றிவிட்டு 36 வோல்ட் சப்ளை போடலாம். டி.பி.6600-க்கே 36 கொடுப்பவர்களும் உண்டு. ஓடும். ஆனால் கிராமத்து மின்சாரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது.

எத்தனை ஆம்பியர்?

இங்கேதான் பலர் தேவைக்கு மேல் செலவு செய்கிறார்கள். ஒரு மோட்டாரில் இரண்டு சுற்று, சுற்றுக்கு 2.8 ஆம்பியர், மோட்டார் இரண்டு. ஆக 11 ஆம்பியர் வேண்டும் என்று கூட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. இரண்டு சுற்றிலும் ஒரே நேரத்தில் உச்ச கரன்ட் நிற்காது. போதாததற்கு டிரைவர் அதிக வோல்ட், குறைந்த ஆம்பியரை வாங்கி, குறைந்த வோல்ட், அதிக ஆம்பியராக மாற்றித்தான் மோட்டாருக்குக் கொடுக்கிறது. நடைமுறைக் கணக்கு, மோட்டாரில் எழுதிய ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்கு. 2.8-க்கு 1.9. இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து 3.7 ஆம்பியர். கடையில் கிடைக்கும் 5 ஆம்பியர் சப்ளை தாராளம். 24 வோல்ட் என்றால் 120 வாட், 36 என்றால் 180 வாட் பெட்டி.

10 ஆம்பியர் பெட்டி சும்மா கிடக்கிறது, போடலாமா என்றால் தாராளமாகப் போடலாம். தொட்டியில் தண்ணீர் அதிகம் இருப்பதால் குழாய் அதிகம் குடித்துவிடாது. மோட்டார் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். ஏதாவது ஷார்ட் ஆனால் மட்டும் பெரிய பெட்டி பெரிய சேதம் செய்யும். அதனால் ஒவ்வொரு டிரைவருக்கும் 4 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று தனியாக இருக்கட்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸா, டிரான்ஸ்ஃபார்மரா?

சல்லடைத் தகடு போட்ட வெள்ளிநிறப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். எல்.இ.டி. பலகைகளுக்கும் கேமராக்களுக்கும் போடுவது இதுதான். எடை குறைவு, விலை குறைவு, வோல்ட் ஆடாது. இவருடைய கருவிக்கு இதையே வாங்கலாம். ஆனால் வாங்கும்போதே மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் ‘இன்புட்’ என்ற வரியைப் படிக்க வேண்டும். இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பக்கவாட்டில் சிவப்பு நிறத்தில் 115 / 230 என்று சின்ன சுவிட்ச் இருக்கும். அது 115-ல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரம் கொடுத்தால் பெட்டி வெடித்துவிடும். 230-ல் இருந்தாலும் பெரும்பாலும் 180 முதல் 264 வோல்ட் வரைதான் வேலை செய்யும். இன்னொரு வகையில் சுவிட்சே இருக்காது. 85 முதல் 264 வரை, அல்லது 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும்.

மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எல்லாம் மோட்டார் ஓடத் தொடங்கி, வீட்டில் விளக்கு மங்கும் இடங்களில் இரண்டாவது வகைதான் சரி. வாங்கும் முன் இரண்டு மூன்று நாள், பம்ப்செட் ஓடும் நேரத்தில் ஒரு முறையும் நள்ளிரவில் ஒரு முறையும் நாற்றுப்பண்ணை பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டால் எது வேண்டும் என்று தெரிந்துவிடும். பகலில் 170-க்கு இறங்கி, இரவில் 255-க்கு ஏறும் இடம் என்றால் சுவிட்ச் வகையைத் தொடவே கூடாது.

பழைய முறை டிரான்ஸ்ஃபார்மரையும் ஒதுக்கிவிட முடியாது. மோட்டார் வைண்டிங் கடையில் சொன்னால் சுற்றித் தருவார்கள். அதன் பிறகு ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஒரு பெரிய கெப்பாசிட்டர், அவ்வளவுதான். பாரம் சட்டென்று நிற்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தைக் கெப்பாசிட்டர் விழுங்கிக்கொள்ளும். எஸ்.எம்.பி.எஸ். சில நேரம் அதைத் தாங்காமல் அணைந்துவிடும். மூட்டை தூக்குவது, கனமான சட்டத்தை வேகமாக இறக்குவது போன்ற வேலைகளுக்கு டிரான்ஸ்ஃபார்மர்தான் உத்தமம். குறை என்னவென்றால், லைனில் வோல்ட் இறங்கினால் இதிலும் அதே விகிதத்தில் இறங்கும், ஏறினால் ஏறும்.

சுற்றச் சொல்லும்போது ஒரு கணக்குத் தவறு அடிக்கடி நடக்கிறது. 24 வோல்ட் டி.சி. வேண்டும் என்று 24 வோல்ட் சுற்றச் சொல்கிறார்கள். ஏ.சி. 24 வோல்ட் ரெக்டிஃபையர், கெப்பாசிட்டரைத் தாண்டி வரும்போது 1.41 மடங்காகி, ரெக்டிஃபையரில் 1.4 போக, 32.5 டி.சி. ஆகிவிடும். லைனில் 260 வந்தால் 37. பாரமில்லாமல் நிற்கும்போது இன்னும் கொஞ்சம் ஏறி 40-ஐ நெருங்கும். 42 எழுதிய டிரைவருக்கு இது விளிம்பு. அதற்கு 20 வோல்ட் சுற்றினால் 27 டி.சி. கிடைக்கும். 50 எழுதிய டிரைவருக்கு 24 சுற்றலாம். டி.சி.யில் 3.7 ஆம்பியர் எடுக்க, டிரான்ஸ்ஃபார்மர் கம்பி 7 ஆம்பியருக்குச் சுற்றப்பட்டிருக்க வேண்டும். கெப்பாசிட்டர் 10,000 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட். அதன் இரு முனைக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அவசியம் வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் ஸ்குரூ டிரைவர் பட்டால் தீப்பொறி பறக்கும்.

இணைக்கும்போது

எஸ்.எம்.பி.எஸ். வந்ததும் டிரைவரை இணைக்காமல் முதலில் தனியாக ஓட்டி, வோல்ட் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பினால் 10 சதவிகிதம் ஏற்றி இறக்கலாம். முன்பு யார் கை பட்டதோ தெரியாது. பிளஸ், மைனஸ் மாறினால் பெரும்பாலான டிரைவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒவ்வொரு டிரைவருக்கும் சப்ளையில் இருந்தே தனித்தனி ஜோடி ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர் அளவில், முறுக்கி இழுக்க வேண்டும். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குத் தாவவிடக் கூடாது. ஒயர் நீளமானால் டிரைவரின் திருகிலேயே 1,000 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை, பிளஸ் மைனஸ் பார்த்து, வைக்கலாம்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவே கூடாது. சப்ளையில் எந்தக் கோளாறும் இல்லாமல் டிரைவர் போவதற்கு இதுவே பெரிய காரணம். ‘ஒயரை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்’ என்று ஓட்டத்திலேயே பிடுங்குவார்கள். உள்ளே தேங்கிய சக்தி போக வழியில்லாமல் டிரைவரை உடைத்துவிடும். ஆன், ஆஃப் சுவிட்சையும் 230 வோல்ட் பக்கமே வைக்க வேண்டும்.

நாற்றுப்பண்ணை ஈரமான இடம். பெட்டியின் உலோக உடம்புக்கு எர்த் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று அந்த லைனில் இருக்கட்டும். தண்ணீர் தெளிக்கும் நிழல்வலைக் கூடத்துக்கு வெளியே, சுவரில், மூடிய பெட்டிக்குள் சப்ளையை வைக்க வேண்டும். ஒயர் நுழையும் துளைகளை ரப்பர் கிளாண்ட் போட்டு அடைக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கருகிக் கிடக்கும் பல்லியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்று பயப்பட வேண்டாம். ஸ்டெப்பர் மோட்டார் நிற்கும்போதும் கரன்ட் எடுக்கும். மேற்புறம் 70, 80 டிகிரி வரை போவது அதற்குச் சகஜம். நிற்கும்போது கரன்ட்டைப் பாதியாக்கும் வசதி பல டிரைவர்களில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் சூடு நன்றாகக் குறையும்.

கேள்வி: ‘‘நாட்டுக்கோழி முட்டைக்கு இன்குபேட்டர் செய்திருக்கிறேன். மணிக்கு ஒரு முறை முட்டைத் தட்டைச் சாய்க்க சிறிய ஸ்டெப்பர் மோட்டார் வைத்துள்ளேன். கரன்ட் போய்விடும் என்பதால் சோலார் பேனலில் இருந்து நேராகக் கொடுக்கலாமா? அதற்கும் 24 வோல்ட் வேண்டுமா?’’

– வாசகர், கோவில்பட்டி

பதில்: 24 தேவையில்லை. தட்டு ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் சாய ஒரு நிமிடம் ஆனாலும் முட்டைக்கு ஒன்றும் இல்லை. இவ்வளவு மெதுவான வேலைக்கு 12 வோல்ட் பேட்டரி நன்றாகவே போதும்.

பேனலில் இருந்து நேராகக் கொடுக்கக் கூடாது. 12 வோல்ட் பேனல் என்பது பேட்டரிக்குச் சொல்லும் பெயர். பாரமில்லாத பேனலில் வெயில் நேரத்தில் 21, 22 வோல்ட் நிற்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் 44. 42 எழுதிய டிரைவர் காலை வெயிலுக்கே போய்விடும். மேகம் மறைத்தால் சப்ளையும் இறங்கிவிடும். பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, ஃபியூஸ், டிரைவர் என்ற வரிசைதான் சரி. பேட்டரியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறும். இரண்டு சேர்ந்தால் 28.8, அதுவும் பரவாயில்லை. நான்கைச் சேர்த்து 48 வோல்ட் என்று நினைத்தால் சார்ஜில் 57.6 இருக்கும். 50 வோல்ட் டிரைவருக்கு அது எமன்.

இந்த வேலையில் வோல்ட்டைவிடப் பெரிய சிக்கல், மோட்டார் சும்மா நிற்கும் 59 நிமிடம். நிற்கும்போது 5 வாட் எடுத்தாலே நாளைக்கு 120 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர்-மணியை அது ஒன்றுமே செய்யாமல் தின்றுவிடும். சாய்த்து முடித்ததும் டிரைவரின் ‘எனேபிள்’ முனை வழியாக மோட்டாரை அணைத்துவிட வேண்டும். தட்டு தானாக இறங்காமல் இருக்கப் புழுப்பல் கியர் வைக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், இதற்கு ஸ்டெப்பரே தேவையில்லை. மெதுவாகச் சுற்றும் கியர் மோட்டாரும் இரண்டு லிமிட் சுவிட்சும் இதைவிட மலிவாக, குறைந்த கரன்ட்டில் இந்த வேலையைச் செய்துவிடும். எதை வைத்தாலும் சப்ளையையும் டிரைவரையும் இன்குபேட்டருக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே 37.5 டிகிரி சூடும் ஈரப்பதமும் முட்டைக்குத்தான் நல்லது. 18-வது நாள் முட்டை சாய்ப்பதை நிறுத்தும்போது மறக்காமல் மோட்டார் ஃபியூஸையும் கழற்றிவிடலாம்.

கேள்வி: ‘‘பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது. விதைக்கருவிக்கு அதையே போட்டுக்கொள்ளலாமா?’’

– வாசகர், தர்மபுரி

பதில்: அதில் கிடைக்கும் பெரிய வோல்ட் 12-தான். மோட்டாரைப் பழக்கிப் பார்க்க, புரோகிராம் எழுதிச் சோதிக்க ஆகும். வேகமாக ஓட வேண்டிய கருவிக்கு ஆகாது. 24 வேண்டும் என்று இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தொடராக இணைக்க முயல வேண்டாம். இரண்டின் மைனஸும் அவற்றின் தகர உடம்போடும் எர்த்தோடும் சேர்ந்திருப்பதால், இணைத்தவுடன் ஒன்று ஷார்ட் ஆகும். அதைத் தவிர்க்க எர்த் ஒயரை வெட்டிவிட்டவர்கள் உண்டு. பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். பழைய லேப்டாப் அடாப்டர் இருந்தால் பார்க்கலாம். 19 வோல்ட், 4.7 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், டி.பி.6600 டிரைவரோடு ஒரு மோட்டார் உள்ள சிறிய கருவியைத் தாராளமாக ஓட்டும். டி.எம்.542 வகை 20 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது என்பதால் அதற்கு இது உதவாது.